ஒரே பாட்டு, எத்தனை தட்டு?

லண்டனில் கையைப் பிடித்துக்கொள்ள ஆசைப்பட்டவன், டோக்கியோவில் போய் இறங்கியபோது கட்டியணைக்கவே ஆசைப்பட்டான். பீட்டில்ஸ் குழுவின் ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ 1964 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியானபோது அந்நாட்டுக் கம்பெனி அதற்கு வைத்த பெயர் ‘டாகிஷிமேதாய்’. கட்டியணைக்க வேண்டும் என்று பொருள். தட்டில் சுழலும் குரல்கள் அதேதான், கிட்டார் அதேதான், இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பாட்டும் அதேதான். உறையும் லேபிளும் மட்டும் வேறு ஆசையைச் சொல்கின்றன. இந்த ஒரு பாட்டின் தட்டையே பிரிட்டன் அச்சு, அமெரிக்க அச்சு, ஜெர்மன் அச்சு, ஜப்பான் அச்சு, இந்திய அச்சு என்று நாடு நாடாகத் தேடி வாங்கி அடுக்கிவைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ராக் இசையில் பேர்போன சிங்கிள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு கூட்டம் உண்டு. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஒரே பாட்டை எத்தனை தடவைதான் வாங்குவது, காசுக்குப் பிடித்த கேடு என்பார்கள். அந்தச் சிரிப்பு தவறான இடத்தில் வருகிறது என்பது என் கட்சி. பாட்டு ஒன்றுதான், ஆனால் தட்டு ஒன்றல்ல. தட்டு ஒரு தொழிற்சாலைப் பொருள். அது செய்யப்பட்ட நாட்டின் வரி, சட்டம், மொழி, வியாபாரம், மின்சாரம் எல்லாம் அதன் மேல் படிந்திருக்கின்றன. அந்தப் படிவுகளைப் பத்திரப்படுத்தும் வேலையை அரசும் செய்யவில்லை, கம்பெனிகளும் செய்யவில்லை. பைத்தியம் என்று பெயர் வாங்கிய இந்தச் சேகரிப்பாளர்கள்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

முதலில் பிரிட்டன் தட்டையே எடுத்துக்கொள்வோம். 1963 நவம்பர் 29ஆம் தேதி பார்லபோன் லேபிளில் வெளிவந்தது. மிடில்செக்ஸ் வட்டாரத்தின் ஹேயஸ் என்ற ஊரில் இருந்த இ.எம்.ஐ. தொழிற்சாலையில் அழுத்தப்பட்டது. பத்து லட்சத்துக்கு மேல் முன்பதிவு குவிந்த தட்டு. லேபிளில் மையத் துளையின் அருகே ‘கே.டி.’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் மையில்லாமல் அழுத்தமாகப் பதிந்திருக்கும். அது கொள்முதல் வரியின் குறியீடு. 1973இல் மதிப்புக் கூட்டு வரி வந்ததோடு அந்த வரியே போய்விட்டது. சில பிரதிகளில், குறிப்பிட்ட விலை நிபந்தனைக்கு உட்பட்டே இதை மறுவிற்பனை செய்யலாம் என்று ஒரு வரி லேபிளில் ஓடும். சில பிரதிகளில் அது இருக்காது. அந்த எச்சரிக்கை 1964இன் தொடக்கத்தில்தான் இ.எம்.ஐ. லேபிள்களில் ஏறியது, 1960களின் கடைசியில் இறங்கியது. ஆகவே அந்த வரி இல்லாத தட்டு முதல் சில வாரங்களில் வந்தது, இருக்கும் தட்டு பிறகு வந்தது என்று வயதைக் கணித்துவிடலாம். இன்னும் உள்ளே போனால் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன்னால் பள்ளங்கள் இல்லாத ஒரு வளையம் இருக்கும். அங்கே சிறியதாக ஓரிரு எழுத்துகள். கிராமபோன் லிமிடெட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளில் பத்தைத் தேர்ந்தெடுத்து, ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3 என்று எண்களாக்கி வைத்திருந்தார்கள். ‘ஜிஆர்’ என்று இருந்தால் பன்னிரண்டாவது உலோக அச்சிலிருந்து வந்த தட்டு. பழைய பலசரக்குக் கடைகளில் சரக்கின் கொள்முதல் விலையை எழுத்துக்குறியில் மறைத்து எழுதிவைப்பார்களே, அதே சாமர்த்தியம்தான். எந்த அச்சு, எந்த வரிக்காலம் என்பதெல்லாம் உள்ளங்கை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது.

அமெரிக்கக் கதை இதைவிடச் சுவையானது. கேபிடல் என்ற அமெரிக்கக் கம்பெனி இ.எம்.ஐ.க்கே சொந்தம். அப்படியிருந்தும் தன் தாய்க்கம்பெனியின் பீட்டில்ஸ் தட்டுகளை அது வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்தது. அதனால்தான் அவர்களுடைய முந்தைய பாட்டுகள் அமெரிக்காவில் வீ-ஜே, ஸ்வான் என்ற சிறு கம்பெனிகளின் லேபிளில் வந்தன. ‘ஐ வான்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளக் கடைசியில் சம்மதித்த கேபிடல், 1964 ஜனவரி 13ஆம் தேதியை வெளியீட்டுக்குக் குறித்து வைத்திருந்தது. அதற்குள் வாஷிங்டனில் டபிள்யூ.டபிள்யூ.டி.சி. வானொலியின் கேரல் ஜேம்ஸ், நேயர் ஒருவர் கேட்டார் என்பதற்காக, பி.ஓ.ஏ.சி. விமானப் பணிப்பெண் ஒருவர் மூலம் பிரிட்டன் தட்டை வரவழைத்து 1963 டிசம்பர் நடுவில் ஒலிபரப்பிவிட்டார். கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கேபிடல் முதலில் வக்கீலை வைத்து நிறுத்தப் பார்த்தது, முடியவில்லை என்று தெரிந்ததும் வெளியீட்டை டிசம்பர் 26க்கு முன்தள்ளியது. மூன்றே நாளில் இரண்டரை லட்சம் தட்டுகள் போயின. சொந்த ஆலைகளால் ஈடுகொடுக்க முடியாமல், கொலம்பியா, ஆர்.சி.ஏ. என்ற போட்டிக் கம்பெனிகளின் ஆலைகளில் கூலிக்குத் தட்டு அழுத்த வேண்டியதாயிற்று. ஒரு நாட்டின் அச்சு இன்னொரு நாட்டில் சுழன்றதால் இசை வணிகத்தின் கணக்கே புரண்டது. வெளிநாட்டு அச்சுக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு அந்த ஒற்றைத் தட்டே போதுமான பதில்.

அந்த அவசரத்தின் தடயமும் தட்டிலேயே இருக்கிறது. பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன் ஆலையில் செய்த கேபிடல் தட்டுகளின் உள்வளையத்தில் ஒரு சின்ன முக்கோணமும் அதற்குள் மூன்று எழுத்துகளும் காணலாம். இயந்திரத் தொழிலாளர் சங்கத்தின் முத்திரை என்று சேகரிப்பாளர்கள் அதைப் படிக்கிறார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ஆலைத் தட்டில் ஒரு நட்சத்திரக் குறி. வேறு கம்பெனிகளின் ஆலையில் கூலிக்குச் செய்தவற்றில் வேறு அடையாளங்கள். பின்பக்கப் பாட்டே வேறு: பிரிட்டனில் ‘திஸ் பாய்’, அமெரிக்காவில் ‘ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்’. துளையும் வேறு. ஆர்.சி.ஏ. 1949இல் 45 சுழற்சித் தட்டைக் கொண்டுவந்தபோது ஒன்றரை அங்குலத் துளையோடு கொண்டுவந்தது, அமெரிக்கா அதையே பிடித்துக்கொண்டது. பிரிட்டனோ சின்னத் துளை வைத்து, ஜூக்பாக்ஸுக்குத் தேவைப்பட்டால் நடுப்பகுதியை ஒடித்து எடுத்துக்கொள்ளும்படி செய்தது. படம் போட்ட அமெரிக்க உறையில் பால் மெக்கார்ட்னியின் கையில் சிகரெட் புகையும். 1984இல் இருபதாம் ஆண்டு மறுவெளியீடாக அதே உறை வந்தபோது சிகரெட் காணாமல் போயிருந்தது. புகைபிடித்தலைப் பற்றி இருபது ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் எண்ணம் எப்படி மாறியது என்பதற்கு இரண்டு அட்டைகளை அருகருகே வைத்தால் போதும். ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வேறுபாடு என்பது ஒப்பிட்டால்தானே புலப்படும்?

தமிழ் வாசகருக்கு இந்த நியாயம் புதிதல்ல. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன் அந்த ஒரே நூலின் ஏடுகளை ஊர் ஊராகத் தேடினார். ஓர் ஏடு கிடைத்துவிட்டதே, இன்னொன்று எதற்கு என்று அவர் நின்றிருந்தால் பாடபேதம் தெரிந்திருக்காது, எது மூலம் எது பிழை என்று பிரிக்கவும் முடிந்திருக்காது. சிந்தாமணியையும் இரண்டரை நிமிட ராக் பாட்டையும் ஒரே தராசில் வைப்பதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். இலக்கியத் தகுதியை நான் ஒப்பிடவில்லை, முறையைத்தான் ஒப்பிடுகிறேன். ஏட்டில் வேறுபாடு எழுதியவர் கையால் வந்தது. தட்டில் அது தொழிற்சாலையால், சுங்கத்தால், விளம்பரத் துறையால் வந்தது. சொல்லப்போனால் தட்டின் வேறுபாடு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது, ஏனென்றால் அது ஒரு நாட்டின் வணிகம் தெரிந்தே எடுத்த முடிவு.

ஜெர்மனிக்குப் போனால் முறையைத் தாண்டி மூலத்துக்கே ஆபத்து வந்த கதை கிடைக்கிறது. ஆங்கிலத்தில் பாடினால் ஜெர்மனியில் விற்காது என்று அங்குள்ள இ.எம்.ஐ. கிளை பிடிவாதம் பிடித்தது. 1964 ஜனவரி 29ஆம் தேதி பாரிசில் பாத்தே மார்கோனி ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் வேண்டாவெறுப்பாகப் போய் ஜெர்மன் மொழியில் பாடினார்கள். சொல்லிவைத்த நேரத்துக்கு வராதவர்களை ஓட்டலுக்கே போய்த் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இழுத்து வரவேண்டியிருந்தது. வரிகளை எழுதியவர் லக்சம்பர்க் வானொலியின் கமிலோ ஃபெல்கன். லேபிளில் இருப்பது ஜீன் நிக்கோலஸ் என்ற அவருடைய புனைபெயர். கைப்பாட்டுக்கு லண்டனில் நான்கு தடங்களில் பதிந்த இசை பத்திரமாக இருந்ததால், அதன்மேல் குரலை மட்டும் சேர்த்தார்கள். அதோடு பதிய வேண்டிய ‘ஷி லவ்ஸ் யூ’ பாட்டுக்கு அந்த வசதி இல்லை. ஏழு மாதத்துக்கு முன்னால் எடுத்த அதன் இரண்டு தட நாடா அழிக்கப்பட்டிருந்தது. பிரிட்டனில் அந்நாள்வரை எந்தச் சிங்கிளும் அந்த அளவு விற்றதில்லை. அந்தப் பாட்டின் மூலத்தைக் கம்பெனியே துடைத்துவிட்டது. ஆகவே ஜெர்மன் பதிப்புக்கு மொத்த இசையையும் புதிதாக வாசித்தார்கள். வேடிக்கை, ஜெர்மானியர்களுக்காகச் செய்த இரண்டு பதிவுகளும் அதே ஆண்டில் அமெரிக்கக் கடைகளிலும் விற்பனைக்கு வந்தன. பீட்டில்ஸ் பெயர் போட்டால் எந்த மொழியும் விலைபோகும் என்று வியாபாரிகளுக்குத் தெரிந்துவிட்டது.

கம்பெனிகள் தங்கள் சொத்தைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும், தனியாள் கவலைப்படத் தேவையில்லை என்ற வாதம் இங்கேயே உடைகிறது. துடைத்த நாடாவை விடுங்கள், அந்தக் காலத்தில் நாடா விலை உயர்ந்தது, மறுபடி பயன்படுத்தினார்கள். 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோ வளாகத்தில் பற்றிய தீயில் ஏராளமான மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. எரிந்தவற்றின் அளவைப் பற்றி வெளியுலகம் பேசத் தொடங்கியதே 2019இல்தான், அதுவும் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்த பிறகு. எரிந்தது எவ்வளவு என்பதில் கம்பெனிக்கும் பத்திரிகைக்கும் இன்னமும் ஒத்துப்போகவில்லை. பத்து ஆண்டுக்கு மேலாக ஒரு தீவிபத்தின் கணக்கே வெளியே வராத இடத்தில், 1964இல் எந்த நாட்டில் எந்த லேபிள் அச்சடித்தோம் என்ற கணக்கு ஒழுங்காக இருக்கும் என்று நம்புவதற்கு அசாத்திய நல்லெண்ணம் வேண்டும்.

அரசு நூலகங்களும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. பிரான்சு ஒரு விதிவிலக்கு: 1938இலேயே இசைத்தட்டுகளுக்கென்று தேசியக் காப்பகம் தொடங்கி, தட்டையும் நூலைப்போல் அரசிடம் ஒப்படைக்கும் பழக்கத்தை ஏற்படுத்தியது. பிரிட்டனில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பிரதி நூலகத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் உண்டு, ஒலிப்பதிவுக்கு அப்படிச் சட்டம் இல்லை. அங்குள்ள ஒலிக் காப்பகம் 1955இல் ஒரு தனி முயற்சியாகத் தொடங்கியதுதான், 1983இல்தான் பிரிட்டிஷ் நூலகத்தோடு சேர்ந்தது. அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15க்கு முன் வந்த ஒலிப்பதிவுக்கு 2018 வரை கூட்டாட்சி அளவில் பாதுகாப்பே இருக்கவில்லை. நம் நாட்டில் 1954இன் நூல் ஒப்படைப்புச் சட்டம் புத்தகத்தைக் கேட்கிறது, பிறகு சேர்த்த திருத்தத்தால் செய்தித்தாளையும் கேட்கிறது. தட்டைக் கேட்கவில்லை. ஆக, ராக் இசை உலகத்தைச் சுற்றிய அந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அதன் பௌதிகச் சாட்சியம் பெரும்பாலும் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கிடந்தது. பழைய சாமான் கடையும் பரணும்தான் காப்பகம்.

சரி, இது மேல்நாட்டுக் கதை, நமக்கு என்ன என்று கேட்பவர்களை டம் டம் வரை கூப்பிட்டுப் போகிறேன். கல்கத்தாவை அடுத்த டம் டம்மில் 1928 முதல் கிராமபோன் கம்பெனியின் ஆலை இருந்தது. நம் பாட்டிமார் கேட்ட எச்.எம்.வி. நாய்ப்படத் தட்டுகள் பிறந்த வீடு அது. பீட்டில்ஸ் சிங்கிள்களும் அங்கே பார்லபோன் லேபிளில் செய்யப்பட்டன. வினைலில் 45 சுழற்சியில் மட்டும் அல்ல, பழைய 78 சுழற்சியிலும். பிரிட்டனில் 78 சுழற்சித் தட்டு 1960ஐ ஒட்டியே ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. இங்கே 1960களின் நடுவிலும் அது ஓடியது. காரணம் ரசனை அல்ல, இயந்திரம். சாவி கொடுத்து முடுக்கும் கிராமபோனுக்கு மின்சாரம் வேண்டாம். அதன் கனத்த எஃகு ஊசி மெல்லிய வினைல் பள்ளத்தை உழுதுவிடும். மின்சாரம் எட்டாத வீட்டிலும், எட்டியும் புதுப் பிளேயர் வாங்க முடியாத வீட்டிலும் இருந்த பெட்டிக்கு ஏற்ற தட்டைத்தான் கம்பெனி செய்தாக வேண்டும். லண்டனில் அந்நாளின் புத்தம்புது நான்கு தட இயந்திரத்தில் பதிந்து வந்த குழுவின் பாட்டுகள், இங்கே தாத்தா காலத்துத் தொழில்நுட்பத்தில் ஊற்றப்பட்டன. 1960களின் இந்தியா எந்த நூற்றாண்டில் இருந்தது என்று பொருளாதார நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அந்த ஒரு தட்டு சும்மா உட்கார்ந்து சொல்லிவிடுகிறது. இன்று பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் உலகெங்கும் தேடுகிற பொருள்களில் டம் டம்மின் 78 சுழற்சித் தட்டுகளும் உண்டு. நம்மவர்கள் பழைய இரும்பு, பேப்பர்காரனுக்குப் போட்டது போக மிஞ்சியவை அவை.

இதில் இன்னொரு நூலிழையும் ஓடுகிறது. வினைல் வருவதற்கு முன் உலகத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்யப்பட்டவை. அந்த அரக்கில் பெரும்பங்கு இந்தியக் காடுகளிலிருந்து போனது. இரண்டாம் உலகப் போரில் கப்பல் வழி அடைபட்டபோது, 1942 ஏப்ரலில் அமெரிக்க அரசு தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை 70 சதவீதம் வெட்டியது. புதுத் தட்டு செய்யப் பழைய தட்டைத் திரட்டி அரைக்கும் நிலை வந்தது. நியூயார்க்கில் நடனமாடியவர்களின் காலுக்கடியில் சோட்டா நாக்பூரின் பூச்சி இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பீட்டில்ஸ் தட்டுகளைத் தாங்கிய ஓடியன் லேபிளும் நமக்கு அந்நியம் அல்ல. பெர்லினில் பிறந்த அந்தக் கம்பெனி, இரண்டு பக்கமும் பாட்டுள்ள தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்த முன்னோடி. பின்பக்கப் பாட்டு என்ற ஒன்று இருப்பதற்கே அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அதே ஓடியன் லேபிளில்தான், ஏ.வி.மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சென்னை சரஸ்வதி ஸ்டோர்ஸ் 1930களில் தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது. வீட்டில் பழைய பிளேட்டு இருப்பவர்கள் லேபிளில் உள்ள குவிமாடப் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி ஆட்சேபங்கள். சேகரிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானத்தை நானே முதலில் தள்ளிவிடுகிறேன். ஜப்பான் அச்சில் ஒலி தெளிவு, ஜெர்மன் அச்சில் அழுத்தம் என்று பேசுவது அவர்களுடைய வழக்கம். டோஷிபா கம்பெனி தூசி ஒட்டாமலிருக்க நிலைமின் தடுப்புப் பொருள் கலந்து சிவப்பு நிறத்தில் தட்டு செய்தது உண்மை, வினைலின் தரம் அங்கே நன்றாக இருந்ததும் உண்மை. ஆனால் வெளிநாட்டுக் கிளைக்குப் போனது பெரும்பாலும் மூல நாடா அல்ல, அதன் நகல். நகலிலிருந்து வெட்டிய பள்ளத்தில் மூலத்தில் இல்லாதது எங்கிருந்து வரும்? அங்குள்ள பொறியாளர் உரப்பைக் கூட்டலாம் குறைக்கலாம், எதிரொலி சேர்க்கலாம். அமெரிக்காவில் ‘ஐ ஃபீல் ஃபைன்’ சிங்கிளுக்கு அப்படித்தான் எதிரொலியை ஊற்றினார்கள். அது வேறுபாடு, மேன்மை அல்ல. நல்ல ஒலிதான் வேண்டும் என்றால் மூலத்திலிருந்து கவனமாகச் செய்த மறுபதிப்பு ஒன்று போதும், இருபது நாட்டுத் தட்டு தேவையில்லை. காதை முன்னிறுத்தும் வாதம் சேகரிப்பாளர்களின் கட்சியைப் பலவீனப்படுத்துகிறது. கண்ணையும் கையையும் முன்னிறுத்தினால் வலுக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. டிஸ்காக்ஸ் போன்ற தரவுத்தளங்களில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வெளியீடுகள் லேபிள் படத்தோடு, உள்வளைய எழுத்தோடு பதிவாகிவிட்டன, இன்னும் பொருளை எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்பது. பெரும்பாலான கேள்விகளுக்குப் படம் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தரவுத்தளத்தை நிரப்பியது யார்? தட்டைக் கையில் வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, உள்வளையத்தைப் பூதக்கண்ணாடியில் படித்து எழுதிய சேகரிப்பாளர்களே. படம் பழைய கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாளைக்கு ஒருவர் வினைலின் வேதிக் கலவையையோ, உறைத்தாளின் நாரையோ, எடையையோ கேட்டால் படம் வாயடைத்துப் போகும். போலியைப் பிடிப்பதும் பொருளால்தான். வீ-ஜே வெளியிட்ட ‘இன்ட்ரடியூசிங் த பீட்டில்ஸ்’ நீள்தட்டுக்குப் போலி புழங்கிய அளவுக்கு வேறெதற்கும் புழங்கியிராது என்பார்கள். அசலைப் போலியிலிருந்து பிரிக்கும் வழிகள் வகுக்கப்பட்டது நிறையப் பிரதிகளை ஒன்றாக வைத்துப் பார்த்ததால். ருதர்ஃபோர்ட் சாங் என்ற அமெரிக்கக் கலைஞர் இதை இன்னொரு எல்லைக்குக் கொண்டுபோனார். பீட்டில்ஸின் வெள்ளை உறை ஆல்பத்தின் முதல் பதிப்புப் பிரதிகளை மட்டும் வாங்கிக் குவித்து, 2013இல் நியூயார்க்கில் தட்டுக்கடை போலவே காட்சிக்கு வைத்தார். பிற்பாடு அது மூவாயிரத்தைத் தாண்டியது. ஒன்று மஞ்சளித்திருக்கும், ஒன்றில் காபிக் கறை, ஒன்றில் பழைய காதலியின் பெயர். ஒரே பதிப்பின் பிரதிகளுக்கே இவ்வளவு பேச்சு இருக்கிறதென்றால், இருபது ஆலைகளின் தட்டுகளுக்கு எவ்வளவு இருக்கும்?

மூன்றாவது ஆட்சேபம் பணத்தைப் பற்றியது, இதில் எதிர்க்கட்சியின் பக்கம் நியாயம் இருக்கிறது. அரிதானதற்கு விலை ஏறுகிறது, அர்த்தமுள்ளதற்கு அல்ல. எழுத்துப்பிழையோடு வந்த லேபிள் ஆயிரக்கணக்கில் போகும், ஒரு நாட்டின் வணிகத்தையே காட்டும் சாதாரணப் பிரெஞ்சுத் தட்டு தேடுவாரற்றுக் கிடக்கும். 1960களின் பிரான்சில் சிங்கிளே அபூர்வம். நான்கு பாட்டு கொண்ட, பளபளக்கும் கெட்டி அட்டை உறை போட்ட 45 சுழற்சித் தட்டைத்தான் மக்கள் வாங்கினார்கள், இரண்டு பாட்டுத் தட்டு பெரும்பாலும் ஜூக்பாக்ஸுக்கு என்றே அழுத்தப்பட்டது. அந்த நான்கு பாட்டுத் தட்டு ஏராளமாக விற்றதால் இன்றும் மலிவு. வரலாற்றுக்கு அதுதான் முக்கியம், ஏலக்காரருக்கு அல்ல. பணம் உள்ளவர் மொத்தமாக வாரிக்கொண்டு போய்க் கிடங்கில் பூட்டிவைப்பதும் நடக்கிறது. பிரேசிலின் சாவோ பாவ்லோவில் பேருந்துத் தொழிலதிபர் ஸீரோ ஃப்ரெய்டாஸ் பல லட்சக்கணக்கில் தட்டுகளை வாங்கிச் சேர்த்த செய்தி 2014இல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் அவரே அதைப் பொதுக் காப்பகமாக்கும் எண்ணத்தோடு ஆள் வைத்துப் பட்டியலிடத் தொடங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டியல் இல்லாத குவியல் வெறும் பதுக்கல். பட்டியல் உள்ள குவியல் நாளைக்கு நூலகம் ஆகக்கூடும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனி மனிதர் புத்தகத்தோடு நாடக நோட்டீசையும் சினிமாப் பாட்டுப் புத்தகத்தையும் அழைப்பிதழையும்கூட விடாமல் சேர்த்தபோது யாரும் அதை ஆராய்ச்சி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை மூலதனமாக வைத்துச் சென்னையில் எழுந்ததுதான் இன்றைய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

ஆகவே கேட்க வேண்டியது சேகரிப்பாளரை அல்ல, நூலகத்தை. எந்த நூலகத்துக்கும் தட்டுப் பெட்டி ஒன்று நன்கொடையாக வந்தால் முதலில் நடப்பது பிரதி நீக்கம். பாட்டின் பெயரை வைத்துத் தேடுவார்கள், ஏற்கெனவே இருந்தால் கழித்துவிடுவார்கள். புத்தகத்துக்கு அந்த விதி ஓரளவு பொருந்தும், அதிலும் பதிப்பாண்டு பார்ப்பார்கள். தட்டுக்கு இது பொருந்தவே பொருந்தாது. பட்டியல் அட்டையில் பாட்டு, பாடியவர், ஆண்டு என்ற மூன்றோடு நிற்காமல், எந்த நாட்டு ஆலை, எந்தச் சுழல் வேகம், பின்பக்கம் என்ன பாட்டு, லேபிளில் எந்த மொழி, உள்வளையத்தில் என்ன எழுத்து என்று ஐந்து கட்டம் கூடுதலாகச் சேர்த்தாலே போதும். எது உண்மையான இரட்டைப்பிரதி, எது இல்லை என்று தானே தெரிந்துவிடும். 1954 சட்டத்தில் ஒலிப்பதிவையும் சேர்ப்பது இனி வருவதற்குத்தான் உதவும், போனது போனதுதான். போனதில் மிஞ்சியிருப்பது தனியார் அலமாரிகளில் இருக்கிறது. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு வயதாகிறது. அவர்களுடைய பிள்ளைகள் அந்தப் பெட்டிகளை ஒருநாள் ஏதோ ஒரு நூலகத்தின் வாசலில் கொண்டுவந்து இறக்குவார்கள். டம் டம்மில் செய்த ஒரு 78 சுழற்சி பீட்டில்ஸ் தட்டு அந்தப் பெட்டிக்குள் இருந்தால், மேசைக்குப் பின்னால் இருப்பவர் கணினியில் பாட்டின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்களிடம் சி.டி. இருக்கிறதே என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல் இருக்க வேண்டும்.